சத்தம் வராத இடைவெளி

"நீ கண்டுபிடிச்ச பொய்யையெல்லாம் வரிசையா சொல்றியே, பிடிக்காம விட்டது எத்தனைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

காதம்மாவிடம் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டவர் அவள் கணவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், கொஞ்சம் உப்பு கேட்பதைப் போலக் கேட்டார்.

"என்கிட்டேயா? ஒண்ணுகூட இருக்காது" என்று சிரித்தாள் அவள்.

அந்தச் சமயத்தில் இன்னொரு தெருவில் அவருக்காக இன்னொரு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் இன்னொருத்தி நின்றுகொண்டிருந்தாள். காதம்மாவுக்கு அது தெரியவந்தபோது அவருடைய துணிமணி பாதிக்குமேல் அந்த வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

இன்றுதான் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காது மருத்துவமனையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் இருப்பவருக்குக் காது கேட்கிறதா என்று மெஷினில் சோதிப்பது அவள் வேலை; கேட்காததுபோல நடிப்பவர்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரி. சோதனைக்கு வந்த ஒரு வாண்டு வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் போனபின் வீட்டில் மூன்று பெண்கள். காதம்மா, கல்லூரிக்குப் போகும் மகள், கணவரின் தங்கை.

ஆமாம், தங்கைதான். அண்ணன் போனான், தங்கை போகவில்லை. "அண்ணன் பண்ணின காரியத்துக்கு நான் எந்த முகத்தோட அந்த வீட்டுல போய் நிப்பேன்? உங்களோடவே இருந்துடறேன் அண்ணி" என்றாள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலையைத் தேடிக்கொண்டாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இப்படி ஒரு ஒட்டுதலா என்று தெருவே மெச்சியது. காதம்மாவும் மெச்சினாள், மகள் அத்தையிடம் போய் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும்வரை.

இனி இந்தச் சனிக்கிழமை.

---

காலையில் காதம்மாவை எழுப்பியது சிரிப்புச் சத்தம்.

சுவருக்கு அந்தப் பக்கம், நாத்தனாரின் சின்ன அறையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "போதும் அத்தை, போதும்!" என்று கெஞ்சிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. இத்தனை பேர் காதைச் சோதித்தவளுக்குத் தன் காதைப் பற்றிச் சந்தேகமில்லை. அது முழுச் சிரிப்பு. அவளிடம் மகள் சிரிக்கிற சிரிப்பு அதில் கால்வாசிகூட வராது.

மூன்று டம்ளர் டீயோடு அந்த அறை வாசலில் போய் நின்றாள். சிரிப்பு நின்றது. யாரோ திருகி அணைத்ததுபோல.

"என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லுங்களேன்."

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"சும்மாவா இவ்வளவு சிரிப்பு?"

"கடைக்கு வந்த ஒருத்தர் கதை அண்ணி," நாத்தனார் அவசரமாகச் சொன்னாள். "அவர் கோட்டைக் கொண்டுவந்து..." கழுத்து சிவந்துவிட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான். மணி என்ன என்று கேட்டால்கூட, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று இரண்டுமுறை கடிகாரத்தைப் பார்ப்பாள்.

மகள் கீழே உட்கார்ந்திருந்தாள். அத்தையின் கைகள் அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தன. பத்து வயதில், "நீ இழுக்கறே, வலிக்குது, நானே பின்னிக்கறேன்" என்று காதம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்ட தலை அது. இப்போது அந்த விரல்களுக்குள் பூனைக்குட்டி மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. காதம்மா டம்ளர்களை ணங்கென்று தரையில் வைத்தாள்.

"இன்னிக்கும் லேப் இருக்கா?"

"ஆமாம்மா. சனிக்கிழமைன்னாலே லேப்தான். வர சாயங்காலம் ஆயிடும்." நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள் மகள்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் காதம்மாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. என்ன இருந்தாலும் என் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்கிற ஆறுதல்.

அதற்கு ஒரு கதை உண்டு. மகள் சிறுமியாக இருந்தபோது இருவரும் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். பள்ளியில் நடந்ததாக மகள் மூன்று விஷயம் சொல்வாள். இரண்டு உண்மை, ஒன்று புளுகு. எது புளுகு என்று அம்மா கண்டுபிடிக்க வேண்டும். காதம்மா ஒருமுறைகூடத் தோற்றதில்லை. ஜெயித்துவிட்டு, எப்படிப் பிடித்தேன் என்பதையும் விளக்குவாள். "பார், புளுகும்போது நீ கூரையைப் பார்த்தே. மூக்கைச் சொறிஞ்சே. கேக்காததுக்கெல்லாம் பதில் சொன்னே." ஆஸ்பத்திரியில் யார் எப்படி மாட்டினார்கள் என்பதையும் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டினாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மகள் விளையாட்டில் ஜெயிக்க ஆரம்பித்தாள். பிறகு விளையாட்டே நின்றுபோயிற்று.

பெண் பொய் சொல்வதையே விட்டுவிட்டாள் என்று காதம்மா எடுத்துக்கொண்டாள்.

---

மகள் கிளம்பிப் போனாள். டம்ளர்களை எடுக்கக் காதம்மா மறுபடி அந்த அறைக்குள் போனபோது, கதவுக்குப் பின்னால் ஒரு சட்டை தொங்குவதைப் பார்த்தாள்.

நீலச் சட்டை. ஆண்பிள்ளைச் சட்டை. முன்பக்கம் டீக்கறை மாதிரி ஏதோ இருந்து, கசக்கி அலசி ஈரமாக இருந்தது.

"இது யாருது?"

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். கழுத்துச் சிவப்பு காதுவரை ஏறியது. "கடைத் துணி அண்ணி. கறை போகலைன்னு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அங்கே பவுடர் தீர்ந்துபோச்சு. முதலாளிகூட சொன்னாரு, வீட்டுல வேணும்னா பாருன்னு. அதான்..."

காதம்மா பவுடரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். வலது தோளை உள்பக்கமாகத் திருப்பினாள். அங்கே ஒரு சின்ன ஒட்டு. கனமான கருவிப் பையை எப்போதும் வலது தோளிலேயே மாட்டுகிற ஆளுக்கு, துணி அங்கேதான் முதலில் நைந்துபோகும். அதனால் வாங்கின அன்றே உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்துவிடுவாள் ஒருத்தி. நெருக்கமாக, ஓரத்தில் இரண்டு முறை மடக்கிப் போட்ட தையல்.

அந்த ஒருத்தி அவள்தான். அவள் கைத் தையல்.

"நல்லா அலசு. கறை இன்னும் போகலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தெருவில் இறங்கிய பிறகுதான் ஒரு டம்ளரைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டது தெரிந்தது.

ஆக, இவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் துணியைத் துவைத்துக் கொடுக்கிறாள். என் வீட்டில், என் தண்ணீரில். துணியோடு நிற்கிறதா, அல்லது காலையில் அந்தச் சிரிப்பு... பெண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறாளா? கணவர் போனபோதுகூட அவள் இப்படிப் பதறவில்லை. அது போனது போனதுதான். பெண் போனால் இந்த வீட்டில் சத்தமே இருக்காது.

---

மருத்துவமனையில் முதல் ஆள் ஒரு தொழிற்சாலைக்காரர். ஆஜானுபாகுவான மனிதர். மெஷின் இரைச்சலில் இரண்டு காதும் போய்விட்டது, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றச் சொல்லிச் சான்று வேண்டும் என்றார். உரக்கப் பேசினார். கண்ணோடு கண் பார்த்தார். அசையவில்லை.

ஹெட்போனை மாட்டினாள். கையில் பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவர் அமுக்கவே இல்லை. லாரி ஹாரன் அளவுக்குக் கூட்டியும், சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காதம்மா மைக்கில் பேச்சுக் கொடுத்தாள். பேசிக்கொண்டே தன் குரலைப் படிப்படியாகக் குறைத்தாள். கடைசியில் இலை விழுகிற சத்தத்தில், "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது, கழட்டிடலாம்" என்றாள்.

மனிதர் நிம்மதியாக ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். வைத்தபிறகுதான் அவருக்கே உறைத்தது.

"காது திறந்துடுச்சு போலிருக்கே!" என்றாள் காதம்மா.

"அது... நீங்க வாயசைச்சதைப் பார்த்து..."

"நான் கையால வாயை மூடிட்டில்ல பேசினேன்?"

டோக்கன் கொடுக்கிற பெண் சிரித்துச் சிரித்து மேஜைமேல் கவிழ்ந்தாள். "உங்க காதுல மட்டும் யாரும் பூ சுத்த முடியாதுக்கா!"

டாக்டர் எப்படிப் பிடித்தாய் என்று கேட்டபோது காதம்மா குரலைக் குறைத்த வித்தையைச் சொல்லவில்லை. "கண்ணைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு டாக்டர்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று அதற்குள் அவளே நம்பிவிட்டாள்.

அடுத்து வந்தவள் ஒல்லியான பெண். ஏதோ ஒரு வீட்டுக்குப் புதிதாக வாழப் போனவள். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மாமியார் கூட்டி வந்திருந்தாள். இவள் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள். சத்தம் வந்தபோதும் அமுக்கினாள், வராதபோதும் அமுக்கினாள். சோதனைக்கு நடுவே சத்தமே அனுப்பாமல் கொஞ்சம் இடைவெளி விடுவது வழக்கம். அந்த இடைவெளியிலும் கட்டைவிரல் படக்கென்று இறங்கியது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "இல்லாத சத்தத்துக்கு அமுக்கறாளே. இதுவும் நடிப்பா?"

"இல்ல டாக்டர். நடிக்கறவங்க அமுக்கவே மாட்டாங்க, காலையில வந்தவர் மாதிரி. பயந்தவங்கதான் இப்படி. நம்மளை ஏமாத்தறதுக்கு இல்ல. எங்கே அமுக்காம விட்டுக் கெட்ட பேர் வாங்கிடுவோமோன்னு நடுங்கி, எதுக்கும் இருக்கட்டும்னு ஆமாம் போடறாங்க."

"அப்போ அவ ஆமாம் போடறதை வச்சு எதையும் எழுதக் கூடாது?"

"எழுதவே கூடாது டாக்டர். பயம் தெளியட்டும்."

மாமியாரை வெளியே உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தோளில் தட்டி, "தப்பானாலும் யாரும் திட்ட மாட்டாங்கம்மா" என்றாள். அதன்பின் அந்தக் கட்டைவிரல் சரியான இடத்தில் மட்டும் இறங்கியது.

நல்ல வேலைக்காரி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அன்று முழுவதும் ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் கண்முன்னால் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

மாலை வீடு திரும்பும் வழியில் ஒரு திட்டம் தயாராகிவிட்டது. இல்லாத சத்தம் ஒன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

---

நாத்தனார் இஸ்திரி மேஜை முன்னால் நின்றிருந்தாள். நீலச் சட்டை காய்ந்து, கறை போய், மேஜைமேல் விரிந்து கிடந்தது. அண்ணி இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கவும் மறந்து கையிலேயே பிடித்திருந்தாள்.

"நேத்து சாயங்காலம் எங்கே இருந்தே?" என்று கேட்டாள் காதம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"கடையிலதான் அண்ணி."

அது உண்மை. காதம்மாவுக்கே தெரியும். நேற்று திரும்பி வரும்போது கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாத்தனார் யார் வீட்டுத் திரைச்சீலைகளையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் எப்போதும் முணுமுணுக்கும் அந்த மெட்டை அவளும் முணுமுணுப்பது உதட்டசைவில் தெரிந்தது. அதனால்தான் கூப்பிடாமல் வந்துவிட்டாள்.

"கடையிலயா? பார்த்தவங்க வேற மாதிரி சொல்றாங்களே. மேம்பாலத்துக்குக் கீழே நீயும் உங்கண்ணனும் நின்னு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தீங்களாமே?"

நாத்தனாரின் கண் சட்டைக்குப் போனது. வாசலுக்குப் போனது. மகள் வருகிற நேரம்தான். கழுத்தில் இருந்த சிவப்பு முகம் முழுக்கப் பரவியது.

"சொல்லு."

"ஆமா அண்ணி."

"என்ன ஆமா?"

"பார்த்தேன். நேத்து. மேம்பாலத்துக்குக் கீழே."

மாட்டினாள்! காதம்மாவின் உடம்பெல்லாம் ஒரு வெற்றி ஓடியது. காலையில் டாக்டரிடம் தன் வாயால் சொன்னது அந்த நிமிஷம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை. சத்தமே இல்லாத இடத்தில் கட்டைவிரல் இறங்கினால் அது என்ன என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்மேல் அவளுக்குப் பொறாமை இல்லை. இங்கே இருந்தது. வயிறு எரிகிறபோது, கிடைத்த ஆமாம் எந்த ஆமாமாக இருந்தாலும் இனிக்கிறது.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச... கொஞ்ச நாளா."

"என் பொண்ணையும் கூட்டிட்டுப் போனியா?"

அப்போது நாத்தனார் ஒரு காரியம் செய்தாள். தலையை நிமிர்த்தி, முதல்முறையாக, அண்ணியின் கண்ணை நேராகப் பார்த்தாள். "இல்ல அண்ணி. அவளுக்கு இது எதுவும் தெரியாது" என்றாள். குரல் பிசிறவில்லை.

இதையும் காதம்மா நம்பினாள். கண் அசையவில்லையே.

"எந்த முகத்தோட அங்கே போவேன்னு கேட்டியே, இப்போ எந்த முகம் கிடைச்சுது?" நிதானமாகத்தான் தொடங்கினாள். முடியவில்லை. "அவரைத்தான் அந்த வீடு விழுங்கிடுச்சு. சரி, போகட்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொண்ணு. அதையும் நீ உன் அறைக்குள்ள வச்சுக்கிட்டே. அவ சிரிப்பு மொத்தமும் அங்கேயே தீர்ந்துபோயிடுது. எனக்கு வர்றது என்ன தெரியுமா? 'உம்.' 'சரிம்மா.' 'சும்மா.' அவ ஷாம்பூ மாத்தினதுகூட நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணும்!"

"அண்ணி, அப்படியெல்லாம்..."

"அவ தலையை நான் பின்னினா வலிக்குதாம். நீ பின்னினா தூக்கம் வருதாம்!"

இதைச் சொன்னதும் காதம்மாவுக்கே வெட்கமாகிவிட்டது. சட்டையைப் பற்றிப் பேச வந்தவள் சடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வெட்கம் கோபமாகத் திரும்பியது.

"உங்கண்ணன் ரத்தம்தானே உனக்கும் ஓடுது? அவரும் இப்படித்தான், இந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டே அந்த வீட்டுக்குப் பாதை போட்டாரு. அங்கேயே போயிடு. தாராளமா போ. இங்கே இனிமே உனக்கு இடமில்லை."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை மெல்ல நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். மறக்காமல் வயரைச் சுற்றி வைத்தாள். பிறகு அறைக்குள் போனாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

---

மகள் படியேறி வந்தபோது அம்மா கூடத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எதிரே, இஸ்திரி மேஜைமேல் அந்தச் சட்டை.

மகள் அதைப் பார்த்தாள். ஒரு நொடி. பையை ஆணியில் மாட்டினாள். "என்னம்மா, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே? டீ போடட்டுமா?"

"இது யார் சட்டை தெரியுதா?"

"தெரியலையே. கடைத் துணியா?"

"உங்கப்பாது."

"அப்பாதா?" புருவம் சரியான அளவுக்கு உயர்ந்தது. கண் அம்மாவின் கண்ணிலேயே இருந்தது. கை மூக்குப் பக்கம் போகவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"உங்க அத்தை அவரைப் போய்ப் பார்த்துட்டு இருந்திருக்கா. கொஞ்ச நாளாவே. ஒத்துக்கிட்டா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

காதம்மாவுக்குக் கண் கலங்கியது. கையை நீட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளும் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாளாக இல்லாத இறுக்கமான பிடி. என் பெண் என்னிடம்தான் இருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் காதம்மாவுக்கு நாத்தனாரை மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று.

"அத்தை எங்கே?" என்றாள் மகள்.

"உள்ளே. மூட்டை கட்டறா."

"மூட்டையா? எதுக்கு?"

"போகச் சொல்லிட்டேன்."

பிடி தளர்ந்தது. "அம்மா, என்னம்மா இது? அத்தை எங்கேம்மா போவாங்க?"

"அவ அண்ணன் வீட்டுக்கு. வழிதான் நல்லாத் தெரியுமே. நேத்துகூட மேம்பாலத்துக்குக் கீழே நின்னு கொஞ்சிட்டு வந்திருக்காங்க ரெண்டு பேரும்."

"யார் சொன்னாங்க?"

"பார்த்தவங்க சொன்னாங்க. அவளும் ஆமான்னுட்டா."

"சொன்னவங்களுக்குக் கண்ணு தெரியாது போலிருக்கு" என்றாள் மகள். அத்தையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்கிற அவசரம் அவளுக்கு. ஆனாலும் குரல் உயரவில்லை. அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து, நியாயம் பேசுகிறவளைப் போல நிதானமாகச் சொன்னாள். "நீயே யோசிச்சுப் பாரும்மா. மேம்பாலம் எங்கே இருக்கு? அப்பா இப்போ கைத்தடி இல்லாம பாத்ரூமுக்கே போறதில்ல. அவ்வளவு தூரம் எப்படி நடந்து வருவாரு?"

மகள் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே ஒருமுறை கேட்டாள். காதம்மாவும் கேட்டாள்.

கைத்தடி. பாத்ரூம். ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அங்கே இருக்கும் மனிதர் எப்படி எழுந்து நடக்கிறார் என்று பார்த்தவளுக்கு மட்டும் தெரிகிற விஷயம். சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பார்த்தவளுக்கு. டீ சிந்திய சட்டையைப் பையில் மறைத்துக் கொண்டுவந்து, "அத்தை, எப்படியாவது கறையை எடுத்துக் கொடு" என்று நின்றவளுக்கு.

காதம்மா மகளின் கண்ணைப் பார்த்தாள். அவளை உலுக்கியது கைத்தடிகூட இல்லை. அந்தக் கண்தான். சற்று முன் 'தெரியாதும்மா' என்று சொன்னபோது இருந்த அதே கண். இப்போது உண்மை வந்து விழுந்தபோதும் அதே கண். அதே நேர்ப் பார்வை, அதே குரல். இரண்டுக்கும் நடுவே மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. காலையில் 'லேப்' என்றபோதும் இதேதான். போன வாரமும், அதற்கு முந்தின வாரமும்.

பிடிக்காமல் விட்டது எத்தனை என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கேட்டார்.

அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று, ஏன் கைத்தடி, லிஃப்டிலிருந்து விழுந்தாரா, அங்கே இருப்பவள் என் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாளா, என் பெண் அங்கே எந்தச் சிரிப்புச் சிரிக்கிறாள்?

உள்ளே அலமாரிக் கதவு மூடுகிற சத்தம்.

நாத்தனார் அறை வாசலுக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு துணிப்பை. மகள் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை நேரம் தன்மேல் வாங்கிக்கொண்டதெல்லாம் வீணாய்ப் போனதே என்கிற முகம். அதில் சிவப்பு இல்லை. வெளுத்திருந்தது.

"அத்தை!" என்றாள் மகள். பார்வை தரைக்குப் போய்விட்டது. கை தன்னால் மூக்கைத் தொட்டது.

காதம்மா எழுந்தாள். "இரு" என்று சொல்ல வேண்டும். "நேத்து நீ கடையிலதான் இருந்தே, நானே கண்ணால பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாகப் பிறத்தியார் பொய்யைப் பிடித்தவள், தான் சொன்ன பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். பெண்ணின் முன்னால்.

நாத்தனார் இஸ்திரி மேஜை அருகே நின்றாள். பாதியில் விட்ட சட்டைக் கையை இழுத்து நீவி, நான்காக மடித்தாள். ஒட்டுப் போட்ட தோள் உள்ளே போகும்படி மடித்து, அதன்மேல் வீட்டுச் சாவியை வைத்தாள். மகளின் பின்னல் ஒன்று அவிழ்ந்து தோளில் கிடந்தது. போகிற வழியில் அதை எடுத்து அவள் முதுகுப் பக்கம் விட்டாள்.

அண்ணியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். காதம்மா எதற்கோ காத்திருந்தாள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காத்திருப்பதைப் போல. ஒன்றும் வரவில்லை.

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனாள்.